தேகத்தின் காவலும் செங்கற்பட்டு ஜில்லாவின் சாட்சியமும்

ஸ்ரீபெரும்புதூர் என்ற பெயரைக் கேட்டவுடன், ஸ்ரீ ராமாநுஜர் அவதரித்த ஸ்தலம் என்பதே நம் முன்னோர்களுக்கு நினைவு வரும். இன்று அப்பெயர் உலக வியாபாரிகளின் கணக்குப் புத்தகங்களிலும் இடம் பெற்றுவிட்டது. இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் மோட்டார் கார்கள் உற்பத்தியாகின்றன. ஒரகடத்தில் லாரிகளும் மோட்டார் சைக்கிள்களும், சுங்குவார்சத்திரத்தில் செல்போன்களும் தயாராகின்றன. ஏரித் தண்ணீரில் நெல் விளைந்த பூமியில் இப்போது இயந்திரசாலைகள் நிற்கின்றன. தென் ஜில்லாக்களிலிருந்து வேலை தேடி வந்த யுவதிகளும், பீஹார், ஒடிஸா, ஜார்க்கண்ட் முதலிய தூர மாகாணங்களிலிருந்து ரயிலேறி வந்த வாலிபர்களும் சுற்று வட்டாரத்துக் கிராமங்களில் வாடகைக்கு எடுத்த அறைகளிலும் விடுதிகளிலும் நெருக்கமாகக் குடியிருக்கிறார்கள். பகல் ஷிப்டுக்குப் போகிறவன் எழுந்த பாயில் இரவு ஷிப்டு முடித்து வந்தவன் படுப்பதும் உண்டு.

இத்தகைய அறைகளில், ஒருவன் மார்பிலிருந்து வெளிப்பட்ட காற்று மற்றொருவன் மார்புக்குள் போவதைத் தடுக்க முடியாது. க்ஷயரோகக் கிருமிக்கு இதைவிட வசதியான வாகனம் வேறு வேண்டியதில்லை. உலகில் ஆண்டுதோறும் காசநோய்க்கு ஆளாகிறவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவர் இந்தியர் என்பது நாம் வெட்கத்துடன் ஒப்புக்கொள்ள வேண்டிய உண்மை. ஆயினும் இதில் ஆச்சரியப்படத் தக்க அம்சம் ஒன்று உண்டு. கிருமி உள்ளே புகுந்தவர்களில் பத்துப் பேருக்கு ஒருவர்கூட ஆயுள் முழுவதிலும் இந்நோயால் படுக்கையில் விழுவதில்லை. மற்றவர்கள் கிருமியைத் தங்கள் மார்பிலேயே சுமந்துகொண்டு உழுகிறார்கள், இயந்திரம் ஓட்டுகிறார்கள், பிள்ளைகளை வளர்க்கிறார்கள். அவர்களைக் காப்பது யார்? தேகத்துக்குள் இருக்கும் அந்தக் காவல் எவ்விதம் வேலை செய்கிறது?

இக்கேள்விக்கு விடை தேடும் பொருட்டு உலகிலேயே மிகப் பெரிய பரீக்ஷைகளுள் ஒன்று நடந்த இடம் பாரிஸோ லண்டனோ அல்ல. ஸ்ரீபெரும்புதூர் எந்த ஜில்லாவைச் சேர்ந்திருந்ததோ அதே பழைய செங்கற்பட்டு ஜில்லாவில்தான், சென்னைக்கு மேற்கே திருவள்ளூர்ப் பக்கத்துக் கிராமங்களில் அது நடந்தது. 1997-ல் அந்த ஜில்லாவைக் காஞ்சிபுரம் என்றும் திருவள்ளூர் என்றும் பிரித்தபோது பழைய பெயரோடு இந்தச் சரித்திரமும் ஜனங்களின் ஞாபகத்திலிருந்து நழுவிவிட்டது போலும். அதை இங்கே எடுத்துரைப்பது அவசியமென்று நினைக்கிறோம்.

முதலில் தேகத்தின் காவலைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். 1882-ம் வருஷத்தில் இத்தாலியின் மெஸ்ஸினா நகரில் மெச்னிகாப் என்ற ருஷிய சாஸ்திரி, கண்ணாடி போல் உள்ளே தெரியும் ஒரு நட்சத்திர மீன் குஞ்சின் உடலில் ரோஜா முள்ளைக் குத்தி வைத்தார். மறுநாள் பார்த்தபோது நடமாடும் அணுக்கள் அந்த முள்ளைச் சூழ்ந்து நின்றன. அந்நியப் பொருளை விழுங்கும் அணுக்கள் பிராணிகளின் தேகத்தில் உண்டு என்ற உண்மை அன்று வெளியாயிற்று. செத்த உடலை அறுத்துப் பார்த்துக் கண்ட உண்மை அல்ல இது. உயிரோடு இருந்த ஜந்துவினுள் கண்டது. 1961-ல் ஜாக் மில்லர் என்பவர் லண்டனில், பிறந்தவுடன் எலிக்குட்டிகளின் மார்பெலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ் என்ற சிறு சுரப்பியை எடுத்துவிட்டு, அவை வளர்வதைக் கவனித்தார். குட்டிகள் சாதாரண நோய்களையும் தாங்க இயலாமல் மடிந்தன. உபயோகமற்ற சதை என்று வைத்தியர்கள் ஒதுக்கியிருந்த அந்தச் சுரப்பியே காவற்படையின் தளபதிகளைப் பழக்கும் பள்ளிக்கூடம் என்பது அதனால் விளங்கிற்று.

க்ஷயரோகத்தில் இந்த இரு படைகளும் சேர்ந்தே போர் புரிய வேண்டும். நுரையீரலுக்குள் வந்த கிருமியை விழுங்கும் அணு விழுங்கிவிடுகிறது. ஆனால் மற்றக் கிருமிகளைப் போல் இது உடனே ஜீரணமாவதில்லை. விழுங்கிய அணுவின் வயிற்றிலேயே குடித்தனம் நடத்தத் தொடங்குகிறது. அப்போது தைமஸில் பழகிய அணுக்கள் வந்து, விழுங்கிய அணுவை உசுப்பிவிட வேண்டும். பிறகு பலவகை அணுக்கள் சூழ்ந்து ஒரு கோட்டை கட்டிக் கிருமியைச் சிறை வைக்கின்றன. சிறை பலமாக இருக்கும் வரையில் மனிதன் ஆரோக்கியவான். பலம் குன்றினால், முப்பது வருஷத்துக்குப் பிறகும் கைதி வெளிவருவான். 1986-ல் சென்னையில் எச்.ஐ.வி. கிருமி நம் நாட்டில் முதன் முதலாகக் கண்டுபிடிக்கப்பட்டது. அதைத் தொடர்ந்த வருஷங்களில் நம் ஆஸ்பத்திரிகள் கண்ட கோரக் காட்சியே இதற்கு நிரூபணம். அந்தக் கிருமி தளபதி அணுக்களை அழிக்க அழிக்க, உறங்கிக் கிடந்த க்ஷயம் எழுந்து ஆட்களைக் கொன்றது. வாத நோய்க்கென்று மேனாட்டார் செய்த ஒரு மருந்தும் இதையே உணர்த்திற்று. மூட்டு வீக்கத்தை அடக்குவதற்காக, தேகத்தில் ஊறும் ஒரு ரசாயனப் பொருளை அம்மருந்து தடுத்தது. அதை உட்கொண்டவர்களில் சிலருக்குக் க்ஷயரோகம் கிளம்பியதாக 2001-ல் அறிக்கை வந்தது. அந்த வீக்கப் பொருளே சிறைச் சுவரின் சுண்ணாம்பு என்பது அப்போதுதான் வைத்தியர்களுக்கு ஐயமறத் தெரிந்தது.

இந்தக் காவலை வெளியிலிருந்து அளந்து பார்க்க வழி உண்டா? ஒரு வழி நூறு வருஷத்துக்கு மேலாக இருந்து வருகிறது. ஜெர்மனியில் ராபர்ட் காக் க்ஷயக் கிருமியைக் கண்டுபிடித்தது 1882-ல். எட்டு வருஷம் கழித்து அக்கிருமியின் சாரமான டியூபர்குலினை அவர் நோய்க்கு மருந்து என்று வெளியிட்டார். மருந்தாக அது தோற்றது. நோயாளிகளில் சிலருக்குத் தீங்கும் விளைத்தது. ஆனால் பரிசோதனைக் கருவியாக அது பிழைத்துக்கொண்டது. முன்கையின் தோலினுள் ஒரு துளி செலுத்தினால், கிருமியை முன்பே சந்தித்த தேகம் இரண்டு மூன்று நாட்களில் அவ்விடத்தில் சிவந்து தடிக்கும். சந்திக்காத தேகம் சும்மா இருக்கும். தோலில் எழும் தடிப்பு உள்ளே இருக்கும் படையின் ஞாபக சக்தியைக் காட்டுகிறது என்பது சித்தாந்தம். இந்தச் சித்தாந்தத்தை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். ஏனெனில் நம் ஜில்லா பரிசோதித்தது அதைத்தான்.

காவலைச் செயற்கையாகப் பழக்குவதற்கென்று ஏற்பட்டதே பி.ஸி.ஜி. பிரான்ஸில் லில் நகரத்தில் கால்மெட், கெரான் என்ற இருவர், மாட்டுக்கு வரும் க்ஷயக் கிருமியைப் பித்தநீர் கலந்த உணவில் 1908 முதல் பதின்மூன்று வருஷம் திரும்பத் திரும்ப வளர்த்து, கொல்லும் குணத்தை இழக்கச் செய்தார்கள். 1921-ல் அது முதல் குழந்தைக்கு அளிக்கப்பட்டது. 1930-ல் ஜெர்மனியின் லூபெக் நகரில் இம்மருந்தோடு உக்கிரமான கிருமி கலந்துவிட, 72 குழந்தைகள் மாண்டன. அந்தப் பழி மருந்துடையதல்ல, ஆய்வுக்கூடத்தின் அஜாக்கிரதையுடையது என்று தீர்ப்பாயிற்று; என்றாலும் பயம் எளிதில் நீங்கவில்லை. இரண்டாவது மகா யுத்தத்துக்குப் பிறகு சர்வதேச ஸ்தாபனங்கள் இதைத் தேசந்தோறும் கொண்டு சென்றன. 1948-ல் சென்னைக் கிண்டியிலேயே பி.ஸி.ஜி. தயாரிக்கும் ஆய்வுக்கூடம் நிறுவப்பட்டது. 1951 முதல் நாடு முழுவதும் கோடிக்கணக்கான ஜனங்களுக்கு ஊசி போடும் இயக்கம் தொடங்கியது.

அந்த இயக்கத்தை எதிர்த்து 1955-ல் பேனா பிடித்தவர் ராஜாஜி. கவர்னர் ஜெனரலாகவும் முதல் மந்திரியாகவும் இருந்த பெரியவர், சர்க்காரின் சுகாதார இலாகாவையும் உலக ஸ்தாபன நிபுணர்களையும் ஏககாலத்தில் எதிர்த்து நின்றது பலருக்கு வியப்பாக இருந்தது. பி.ஸி.ஜி.யை ஏன் எதிர்க்கிறேன் என்று ஒரு சிறு பிரசுரமே அவர் வெளியிட்டார். பயன் ஐயமற நிரூபணமாகாத, உயிருள்ள கிருமிகளைக் கொண்ட ஒரு மருந்தை ஏழை ஜனங்கள் மீது மொத்தமாக ஏவலாகாது என்பதே அவர் வாதத்தின் சாரம். டாக்டர்கள் அவரைப் பரிகசித்தார்கள். வைத்தியம் படியாதவருக்கு இதில் என்ன வேலை என்று கேட்டவர்களும் உண்டு. மருந்தினால் தீங்கு வரும் என்று அவர் கொண்ட அச்சம் மிகையானது என்றே நாம் கருதுகிறோம். பச்சைக் குழந்தைகளின் மூளையைத் தாக்கும் க்ஷயத்தை இவ்வூசி தடுக்கிறது என்பது பிற்காலத்தில் உறுதியாயிற்று. ஆனால், பயன் எங்கே நிரூபிக்கப்பட்டது, யாருடைய தேகத்தில் நிரூபிக்கப்பட்டது என்ற அவருடைய கேள்வி பரிகாசத்துக்கு உரியதல்ல. அந்தக் கேள்விக்கு அன்று எவரிடமும் சரியான பதில் இல்லை.

இங்கிலாந்தில் 1950-ல் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளிடம் தொடங்கிய பரீக்ஷையில் நூற்றுக்கு எண்பதுக்கு நெருங்கிய பாதுகாப்பு கிடைத்தது. அமெரிக்காவின் ஜார்ஜியா, அலபாமா பிரதேசங்களில் சொற்பப் பலனே காணப்பட்டது. ஒரே மருந்து குளிர் தேசத்தில் காக்கிறது, வெப்பப் பிரதேசத்தில் கைவிடுகிறது! மருந்து தயாரித்த விதத்தில் கோளாறா? பரீக்ஷை நடத்திய முறையில் குற்றமா? அல்லது ஜனங்களின் தேகத்திலேயே ஏதேனும் வித்தியாசமா? தீர்ப்பதற்கு ஒரு பெரிய பரீக்ஷை வேண்டியிருந்தது. இந்திய வைத்திய ஆராய்ச்சிக் கவுன்ஸிலும், உலக சுகாதார ஸ்தாபனமும், அமெரிக்க சர்க்காரின் பொது சுகாதார இலாகாவும் சேர்ந்து அதற்குச் செங்கற்பட்டு ஜில்லாவைத் தேர்ந்தெடுத்தன.

1968-ல் வேலை ஆரம்பமாயிற்று. வீடு வீடாகச் சென்று மூன்றரை லக்ஷத்துக்கு மேற்பட்ட ஜனங்களின் பெயரைப் பதிந்தார்கள். ஒரு மாதக் குழந்தை முதல் கிழவர் வரை 2,81,161 பேருக்கு ஊசி போட்டார்கள். சிலருக்குப் பாரிஸ் வித்தில் தயாரித்த பி.ஸி.ஜி., சிலருக்குக் கோபன்ஹேகன் வித்து, மற்றும் சிலருக்கு மருந்தே இல்லாத வெறும் திரவம். யாருக்கு எது என்பது போட்டவருக்கும் தெரியாது, போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது. சீட்டுக் குலுக்குவது போன்ற முறையில் பங்கிடப்பட்டு, ரகசிய எண்களில் பூட்டப்பட்டிருந்தது. ஊசி போடும்போதே டியூபர்குலின் பரிசோதனையும் நடந்தது. அதில் இரண்டு வகை. ஒன்று, க்ஷயக் கிருமியின் சாரம். மற்றொன்று, மண்ணிலும் நீரிலும் வாழும் அதன் தாயாதிக் கிருமி ஒன்றின் சாரம். பத்து வயதுக்கு மேற்பட்டவர்கள் எல்லோருக்கும் மார்பை எக்ஸ்ரே எடுத்தார்கள். பிறகு இரண்டரை வருஷத்துக்கு ஒரு தரம் கிராமங்களைச் சுற்றி வந்து எக்ஸ்ரே எடுப்பது, சந்தேகம் தோன்றியவர்களின் சளியைச் சோதிப்பது என்று பதினைந்து வருஷம் வேலை நடந்தது. பிற்காலத்தில் இப்பொறுப்பு சேத்துப்பட்டிலுள்ள க்ஷயரோக ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்தது.

வைத்திய சரித்திரத்தில் இவ்வளவு பெரிய ஜனத்தொகையை இவ்வளவு காலம் விடாமல் கவனித்த பரீக்ஷைகள் மிகச் சில. பிறந்த வீட்டை விட்டு மருமகளாகப் போன பெண்ணையும், பட்டணத்துக்குக் கூலி வேலைக்குப் போன பையனையும் பதிவுப் புத்தகத்தில் தேடிப் பிடிப்பதென்றால் எளிய காரியமா? அந்த ஊழியர்களின் உழைப்பு எந்தப் பரிசையும் வாங்கவில்லை.

முடிவு 1979-ல் வெளிவந்தது. ஏழரை வருஷத்துக் கணக்கு. அதைப் படித்த உலகம் திகைத்துவிட்டது. பெரியவர்களின் நுரையீரலுக்கு வந்து, சளி மூலம் பிறருக்குப் பரவும் க்ஷயத்தை பி.ஸி.ஜி. சிறிதும் தடுக்கவில்லை! மருந்து பெற்றவர்களும் வெறும் திரவம் பெற்றவர்களும் ஒரே விகிதத்தில் நோயுற்றார்கள். மருந்து கெட்டுப் போயிருக்குமோ என்ற சந்தேகத்துக்கும் இடமில்லை. அதன் வீரியம் சோதித்தறியப்பட்டிருந்தது. பதினைந்து வருஷம் பூர்த்தியான பின் கணக்கைச் சரிபார்த்து 1999-ல் பிரசுரித்தபோதும் பெரியவர்களைப் பற்றிய தீர்ப்பு மாறவில்லை. ஆரம்பத்தில் டியூபர்குலினுக்குத் தடிப்பு 7 மில்லிமீட்டரைத் தாண்டாதிருந்த 1,09,873 பேரை அதில் கணக்கில் எடுத்திருந்தார்கள். அவர்களில் 560 பேருக்கு நோய் கண்டது. அந்த 560 பேர் எல்லாப் பிரிவுகளிலும் ஏறக்குறைய ஒரே விகிதத்தில் இருந்தார்கள். குழந்தைகளிடம் மாத்திரம் நூற்றுக்கு 27 என்ற அளவில் சிறு பாதுகாப்பு தென்பட்டது. அதுவும் நிச்சயமாகச் சொல்லக்கூடிய அளவில் இல்லை.

வாசகர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது இனிமேல் சொல்லப் போவதே. ஊசி போட்ட இரண்டரை மாதத்தில் மறுபடியும் டியூபர்குலின் செலுத்திப் பார்த்தபோது, பி.ஸி.ஜி. பெற்றவர்களின் கை நன்றாகத் தடித்தது. தோலின் சாட்சியத்தை மட்டும் நம்பியிருந்தால், மருந்து பூரண வெற்றி என்று பறையறைந்து, கணக்கை மூடிவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். படை பழகிவிட்டது என்று தோல் சொல்லிற்று. ஆனால் போர் நடந்தது தோலில் அல்ல, நுரையீரலில். இரண்டரை வருஷத்தில் அந்தத் தடிப்பும் பெரும்பாலும் மங்கிப் போயிற்று. ஆகவே, ரத்தத்திலும் தோலிலும் தெரியும் அடையாளம் வேறு, தேகம் உண்மையில் பிழைப்பது வேறு என்ற பேருண்மையை உலகத்துக்குக் கற்றுக் கொடுத்தவர்கள் நம் ஜில்லாக் குடியானவர்கள்.

ஏன் இப்படி நேர்ந்தது? பெரும்பாலான நிபுணர்கள் ஒப்புக்கொள்ளும் விளக்கம் அந்த இரண்டாவது டியூபர்குலினில் இருக்கிறது. தாயாதிக் கிருமியின் சாரத்துக்கு, வாலிபப் பருவம் எய்துவதற்குள் கிராமத்தாரில் பெரும்பாலோர் தடிப்புக் காட்டினார்கள். ஏரியிலும் குட்டையிலும் சேற்றிலும் வளர்ந்த குழந்தையின் தேகம், பி.ஸி.ஜி. வருவதற்கு வெகு முன்பே அதன் சுற்றத்தாரைச் சந்தித்துப் பழகிவிட்டது. 1966-ல் பாமர், லாங் என்ற இரு அமெரிக்கர்கள் கினிப் பன்றிகளிடம் இதையே கண்டிருந்தார்கள். தாயாதிக் கிருமி முன்னமே ஓரளவு பாதுகாப்பைக் கொடுத்துவிடுகிறது, பி.ஸி.ஜி. அதற்கு மேல் கூட்டுவது அற்பம். குளிர் தேசத்துச் சிறுவனின் தேகம் எழுதாத பலகை போன்றது. நம் சிறுவனுடையது ஏற்கெனவே எழுதப்பட்ட பலகை. தென்னிந்திய க்ஷயக் கிருமி அங்கத்தியதைவிட உக்கிரம் குறைந்தது என்றும், இங்கே பலர் நோயாளியாவது பழைய தொற்று கிளம்புவதால் அல்ல, புதிய தொற்று மேலும் மேலும் சேருவதால் என்றும் வேறு விளக்கங்கள் சொன்னவர்கள் உண்டு. எது எப்படியாயினும், இங்கிலாந்துப் பிள்ளைகளின் மார்பில் கண்ட உண்மையை இறக்குமதி செய்து திருவள்ளூர்ப் பிள்ளைகளின் மார்பில் ஒட்ட முடியாது என்பது தெளிவாயிற்று. துணி விஷயத்தில் நாம் கற்ற பாடத்தை வைத்திய சாஸ்திரத்திலும் கற்க வேண்டியிருந்தது.

நியாயத்தை முழுமையாகச் சொல்ல வேண்டுமானால், இம்முடிவைக் கொண்டு பி.ஸி.ஜி.யை அடியோடு தள்ளிவிடலாகாது. கைக்குழந்தைகளைக் கொல்லும் மூளைக் காய்ச்சல் க்ஷயத்தையும், உடலெங்கும் பரவும் க்ஷயத்தையும் அது நன்றாகத் தடுக்கிறது. ஆகையால்தான் பிறந்த குழந்தைகளுக்கு இன்றும் அது போடப்படுகிறது, போடத்தான் வேண்டும். இந்த ஒரு விஷயத்தில் சந்தேகம் கிளப்புவோருக்கு நம் எழுத்தில் ஆதரவு தேட வேண்டாம்.

ஆனால் பரிசோதிக்கப்பட்ட ஜனங்களின் உரிமையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் இருக்க முடியவில்லை. மனிதர்களை வைத்து ஆராய்ச்சி செய்வதில் பின்பற்ற வேண்டிய தர்மங்களைப் பற்றி நம் வைத்திய ஆராய்ச்சிக் கவுன்ஸில் முதன் முதலில் கொள்கை அறிக்கை வெளியிட்டது 1980-ல். செங்கற்பட்டில் ஊசி போட்டு முடித்து வெகு காலம் ஆன பிறகு! இன்றைய விதிகளின்படி அந்தப் பரீக்ஷையை அன்று நடந்த விதமாகவே நடத்த எவரும் அனுமதி தரமாட்டார்கள். அதனால் அதன் பயன் குறைந்துவிடாது. நாம் பட்ட கடன்தான் கூடுகிறது.

அந்தப் பரீக்ஷைக்குப் பின் உலகத்து ஆய்வுக்கூடங்கள் சென்ற திசையும் மாறிற்று. உயிருள்ள தேகத்துக்குள்ளேயே போரை நேரில் காண வேண்டும் என்ற வேட்கை வலுத்தது. சிதம்பரத்தில் பிறந்து நோபல் பரிசு பெற்ற வெங்கி ராமகிருஷ்ணனின் சகோதரியான லலிதா ராமகிருஷ்ணன் என்ற வைத்திய விஞ்ஞானி, வரிக்குதிரை மீன் என்ற சிறு மீனின் குஞ்சுகளை இதற்கு எடுத்துக்கொண்டார். மெச்னிகாபின் நட்சத்திர மீனைப் போலவே இக்குஞ்சும் உள்ளே தெரியும் உடலை உடையது. அதற்கு மீன்களின் க்ஷயக் கிருமியைக் கொடுத்துவிட்டு, விழுங்கும் அணுக்கள் செய்வதையெல்லாம் பூதக் கண்ணாடியின் கீழ் அவர் கவனித்தார். கண்டது விசித்திரம். சிறைக் கோட்டை என்று நாம் சொன்னோமே, அதன் ஆரம்ப நாட்களில் புதிய அணுக்கள் சுற்றி வந்து சேரச் சேர, கிருமிக்குப் புகுந்துகொள்ளப் புதுப் புது வீடுகளே கிடைக்கின்றன! காவலரைக் கொண்டே கள்வன் பரவுகிறான். வீக்கம் குறைந்தாலும் நாசம், மிஞ்சினாலும் நாசம் என்பதும் அம்மீனில் தெரிந்தது.

2020-ல் அமெரிக்காவில் குரங்குகளிடம் நடந்த மற்றொரு பரீக்ஷை, செங்கற்பட்டுக் கேள்விக்கே புது முகம் கொடுத்தது. அதே பழைய பி.ஸி.ஜி.தான். தோலில் போட்டபோது பலன் சொற்பம். ரத்தக் குழாயில் செலுத்தியபோது பத்தில் ஒன்பது குரங்குகள் காப்பாற்றப்பட்டன. மருந்து செல்லும் வாசல் மாறினால் காவற்படை நுரையீரலிலேயே பாசறை அமைக்கிறது என்று தெரிகிறது. இதை மனிதருக்கு அப்படியே செய்துவிட முடியாது. உயிருள்ள கிருமியை நாளத்தில் ஏற்றுவது விளையாட்டல்ல.

நம் சேத்துப்பட்டு ஸ்தாபனமும் சும்மா இருக்கவில்லை. 2011 முதல் அது தேசிய காசநோய் ஆராய்ச்சி நிலையம் என்று அழைக்கப்பட்டு வருகிறது. கொரோனா ஜுரம் பரவிய காலத்தில், அறுபது முதல் எண்பது வயது வரையுள்ள முதியோருக்கு பி.ஸி.ஜி. போட்டு, அவர்கள் ரத்தத்தில் நிகழும் மாறுதல்களை அங்கே ஆராய்ந்தார்கள். வீக்கத்தைத் தூண்டும் பொருள்கள் சில ரத்தத்தில் குறைந்தன என்று 2021-ல் பிரசுரித்தார்கள். வரவேற்கத் தக்க வேலை. ஆயினும் ரத்தத்தில் காணும் குறி வேறு, உயிர் தப்புதல் வேறு என்ற செங்கற்பட்டுப் பாடம் இதற்கும் பொருந்தும்.

இவ்வளவு தூரம் அணுக்களைப் பற்றியே பேசினோம். இனி அரிசியையும் பருப்பையும் பற்றிப் பேச வேண்டும். காவற்படைக்கும் சோறு வேண்டுமல்லவா? 2019 முதல் 2022 வரையில் ஜார்க்கண்ட் மாகாணத்தில், சேத்துப்பட்டு நிலையமும் பங்கு கொண்ட ஒரு பரீக்ஷை நடந்தது. 2,800 க்ஷய நோயாளிகளின் வீட்டிலிருந்த 10,345 பேரை இரு பிரிவாக்கினார்கள். நோயாளிகளுக்கு இரு பிரிவிலும் உணவு கொடுத்தார்கள். ஒரு பிரிவில் மட்டும் வீட்டிலுள்ள மற்றவர்களுக்கும் ஆளுக்கு மாதம் 5 கிலோ அரிசியும் ஒன்றரைக் கிலோ பருப்பும், உயிர்ச்சத்து மாத்திரைகளும் சேர்த்துக் கொடுத்தார்கள். வேறு ஊசியில்லை, ஔஷதமில்லை. அந்தப் பிரிவில் க்ஷயரோகம் நூற்றுக்கு 39 வீதம் குறைந்தது. பிறருக்குத் தொற்றக்கூடிய வகை நூற்றுக்கு 48 வீதம் குறைந்தது. 1968-ல் கோபன்ஹேகன் வித்தாலும் பாரிஸ் வித்தாலும் சாதிக்க முடியாததைப் பலசரக்குக் கடைப் பருப்பு சாதித்துவிட்டது! இதுவும் உயிருள்ள தேகத்தில் நடந்த சோதனைதான். கண்ணாடிக் குழாயில் அணுக்களை வளர்த்துக்கொண்டிருந்தால் இந்த விடை கிடைத்திராது.

அந்த ஜார்க்கண்டிலிருந்துதான் வாலிபர்கள் ஒரகடத்துக்கும் வருகிறார்கள் என்பதைத் தொழிலாளர் மத்தியில் ஊழியம் செய்யும் நம் தொண்டர்கள் நினைத்துப் பார்க்க வேண்டும். 2021 டிசம்பரில், இவ்வட்டாரத்துச் செல்போன் தொழிற்சாலையில் வேலை பார்த்த பெண்களில் நூற்றுக்கு மேற்பட்டோர் விடுதிச் சாப்பாட்டினால் நோயுற்று ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டதும், அவர்களுடைய தோழிகள் பெங்களூர் நெடுஞ்சாலையில் உட்கார்ந்து போக்குவரத்தை நிறுத்தியதும் பலருக்கு நினைவிருக்கும். அன்று பத்திரிகைகள் அதை விடுதி நிர்வாகத்தின் கோளாறு என்றும், தொழிற்சாலைச் சச்சரவு என்றும் எழுதின. தட்டில் விழும் சோற்றின் தரமும், ஓர் அறையில் படுப்பவர்களின் எண்ணிக்கையும், ஜன்னல் திறக்கிறதா என்பதும் நேரே மார்புக்குள் இருக்கும் சிறைச் சுவரின் பலத்தைத் தீர்மானிக்கின்றன என்று எவரும் எழுதியதாக நினைவில்லை.

தொழிற்சங்கங்கள் சம்பளம், போனஸ், ஓவர்டைம் ஆகியவற்றைப் பற்றிக் கேட்பது நியாயமே. அவற்றோடு இன்னும் சிலவற்றையும் கேட்கலாம். வேலைக்குச் சேரும்போது மட்டும் அல்லாமல் வருஷந்தோறும் எக்ஸ்ரே. நோய் கண்டவனை வேலையிலிருந்து தள்ளாமல் ஆறு மாதச் சிகிச்சை முடியும் வரை சம்பளத்தோடு வைத்துக்கொள்ளும் உறுதி. அவன் அறையில் உடன் இருந்தவர்களுக்குப் பரிசோதனை. விடுதிச் சமையலில் பருப்புக்கு ஓர் அளவு. 2022-ல் தமிழ்நாட்டு சர்க்கார் க்ஷய நோயாளிகளில் எடை மிகக் குறைந்தவர்களை முதலிலேயே கண்டுபிடித்து, ஆஸ்பத்திரியில் சேர்க்கும் திட்டத்தைத் தொடங்கியிருக்கிறது. அது நல்ல ஏற்பாடு. ஆனால் ஊருக்கு ஒரு முகவரியும், விடுதிக்கு ஒரு முகவரியும், ரேஷன் கார்டுக்கு மூன்றாவது முகவரியும் வைத்துக்கொண்டு அலையும் தொழிலாளியை அது எட்டுவதற்கு யாராவது கைப்பிடித்து அழைத்துச் செல்ல வேண்டும்.

மற்றொரு கோரிக்கை சேத்துப்பட்டுக்கு. 1968-ல் கிராமத்தார் குட்டையில் குளித்து வளர்ந்தார்கள். அவர்கள் தேகம் மண்ணின் கிருமிகளோடு பழகியிருந்தது. இன்று அதே ஜில்லா பூமியில் வசிக்கும் யுவதி குழாய்த் தண்ணீரில் குளித்து, வடிகட்டிய காற்று வீசும் அறையில் எட்டு மணி நேரம் நிற்கிறாள். அவள் கை அந்த இரண்டாவது டியூபர்குலினுக்கு இன்று தடிக்குமா? அவள் தேகம் எழுதிய பலகையா, எழுதாத பலகையா? புதிய தடுப்பு மருந்து ஒன்று 2024 முதல் தென்னாப்பிரிக்கா முதலிய தேசங்களில் கடைசிக் கட்டப் பரீக்ஷையில் இருக்கிறது. அது அங்கே வெற்றி பெற்றது என்று செய்தி வந்தவுடன், இங்கேயும் மூட்டை மூட்டையாக வரவழைப்பார்கள். அதற்குள் நம் பூமியில், நம் ஜனங்களின் சம்மதத்தோடு, நம் கணக்கைப் போட்டு வைத்திருக்க வேண்டாமா? செங்கற்பட்டுக்கு அருகிலேயே பல நூறு கோடி ரூபாய் செலவில் மத்திய சர்க்கார் கட்டிய தடுப்பு மருந்துத் தொழிற்சாலை, 2021 மே மாதத்தில் முதல் மந்திரி ஸ்டாலின் நேரில் சென்று பார்த்தபோதும் உற்பத்தி தொடங்காமல் கிடந்தது என்பதையும் இத்துடன் சேர்த்து நினைக்க வேண்டியிருக்கிறது.

பரீக்ஷை தொடங்கிய வருஷத்தில் ஒரு மாதக் குழந்தையாகத் தாயின் மடியில் ஊசி பெற்றவருக்கு இப்போது வயது அறுபதை நெருங்குகிறது. அத்தகையோர் பலர் திருவள்ளூர்ப் பக்கத்தில் இன்னும் இருப்பார்கள். அவர்கள் பிள்ளைகளில் சிலர் காலையில் ஸ்ரீபெரும்புதூர் பஸ்ஸில் ஏறிக்கொண்டிருப்பார்கள். தமக்குக் கிடைத்தது பாரிஸ் வித்தா, கோபன்ஹேகன் வித்தா, வெறும் திரவமா என்பது அவர்களில் பெரும்பாலோருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.